தெரியாத மாதிரி

"எனக்குப் புரியலையே. நீதான் கொஞ்சம் சொல்லிக்கொடேன்?"

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் இப்படிக் கேட்டபோது அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். பாவம், டீச்சருக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள். வகுப்பில் வாயே திறக்காமல் ஊமச்சி என்று பெயர் வாங்கியிருந்தவளுக்கு அன்றைக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. எழுந்து போய் சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். "இங்க பாருங்க டீச்சர், முதல்ல இந்தக் கணக்குல வர்ற ஆளுங்களைப் பாதியா பிரிச்சுக்கணும்" என்று சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். டீச்சர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"ஓஹோ. ஏழு பேரா இருந்தா?"

"அதையும் பாதியாக்கலாம் டீச்சர்."

"மூணரை பேர் வருதே. அந்த அரை ஆளை எங்க நிக்க வைக்கிறது?"

வகுப்பே சிரித்தது. இன்னும் இரண்டு கேள்வி வந்தது. மூன்றாவதுக்கு அவளே, "என் வழி தப்பு டீச்சர்" என்றாள். டீச்சர் வகுப்பைப் பார்த்து, "சாக்ரடீஸ் இப்படித்தான் கேட்பாராம். தெரியாத மாதிரியே கேட்டுக் கேட்டு, எதிராளியோட வாயாலயே உண்மையை வரவழைச்சிடுவாராம்" என்றார். டீச்சர் கெட்டவர் இல்லை. எங்கே சறுக்கினோம் என்று பெண் தானே கண்டுபிடிக்கட்டும் என்றுதான் கேட்டிருப்பார். ஆனால் பிள்ளைகள் கணக்குக்காகச் சிரிக்கவில்லை. டீச்சருக்கே தெரியாது என்று நம்பி ஒருத்தி போய்ப் பாடம் நடத்தினாளே, அதற்குத்தான் சிரித்தார்கள். மறுநாள் அவளுக்கு வயிற்று வலி வந்தது, அதற்கடுத்த நாள் தலைவலி. பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது.

அம்மா போன பிறகு அவளை வளர்த்தது சித்திதான். சித்தி ஒரு மாதம் திட்டிப் பார்த்தாள், ஒரு மாதம் கெஞ்சிப் பார்த்தாள். வேலைக்குப் போகிற வயது வந்ததும், "படிக்கத்தான் போகலை, துணி மடிக்கவாவது வா" என்று தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கே அழைத்துப் போனாள்.

சலவைக்கூடத்தை ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பாதி அழுக்குப் பக்கம், மறு பாதி சுத்தப் பக்கம். துவைக்கும் மெஷின்கள் அந்தச் சுவருக்குள்ளேயே பதித்தவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. அழுக்குப் பக்கத்தில் ஒரு கதவைத் திறந்து துணியைப் போடுவார்கள். துவைத்து முடிந்ததும் சுத்தப் பக்கத்தில் இன்னொரு கதவு திறக்கும். துணிதான் சுவரைத் தாண்டலாம், ஆள் தாண்டக் கூடாது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறபோது சுத்தப் பக்கத்து ஆள் அழுக்குப் பக்கம் போய்வரலாம். ஆனால் அங்கே கால் வைத்துவிட்டு அதே நாளில் இங்கே வந்து துணியைத் தொட்டால் நோய் தொற்றும் என்று அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

சித்தி அழுக்குப் பக்கம், பதினோரு வருஷமாக. அவள் வேலை உதறுவது. வார்டுகளில் இருந்து வரும் துணியில் என்னதான் வராது? மூக்குக்கண்ணாடி, ஸ்பூன், ஊசி மூடி, ஒரு தடவை கடிகாரம்கூட வந்தது. அதையெல்லாம் மெஷினுக்குள் போகாமல் தடுக்கத்தான் அந்தப் பக்கத்துச் சுவரில் ஒரு முழ உயர எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்: ஒவ்வொரு துணியையும் தலைக்கு மேல் தூக்கி மூன்று முறை உதறவும்.

ஆறு மாதமாகச் சித்தியின் வலது கை மார்புக்கு மேலே எழவில்லை. தோளில் ஏதோ பூட்டிக்கொண்டது. தலை வாரிவிடுவது இவள், ரவிக்கையை மாட்டிவிடுவது இவள். தெரிந்தால் வேலை போய்விடும் என்று இருவருக்குமே பயம். அதனால் தினமும் எல்லாரும் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் இருவரும் அழுக்குப் பக்கத்துக் கதவு வழியாகப் போவார்கள். காலை மூட்டைகளை ஊமச்சி உதறித் தள்ளுவாள். கொக்கியில் உயரத்தில் தொங்கும் சித்தியின் ஏப்ரனை எடுத்துக் கட்டிவிடுவாள். கை கால் கழுவி, உடை மாற்றி, வெளியே சுற்றிக்கொண்டு சுத்தப் பக்கத்துக் கதவு வழியாக ஒன்றும் அறியாதவள்போல் வந்து மடிக்க உட்காருவாள். காலையில் வருவதுதான் பெரிய மூட்டை. பிற்பகலில் வருகிற நாலு துணியைச் சித்தி மேஜையில் பரப்பி இடது கையால் தடவிப் பார்த்து ஓட்டிவிடுவாள். சாயங்காலம் ஏப்ரனைத் திரும்ப மாட்ட ஊமச்சி போவாள்.

அப்போது மேற்பார்வையாளராக இருந்தவருக்கு எல்லாரும் வைத்த பெயர் தெரியாத சார். "எனக்கு என்னம்மா தெரியும், நான் பேனா பிடிச்ச ஆளு" என்றுதான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பார். மடிக்கிற பெண் ஒருத்தி தாமதமாக வருகிறாள் என்றால், "ஏன் லேட்" என்று கேட்கவே மாட்டார். "உங்க ஊர்ப் பக்கம் பஸ் எப்ப வரும்? நான் பஸ்ல வந்ததே இல்லை பாரு" என்பார். அவள் சந்தோஷமாகச் சொல்வாள். "அதுக்கு முந்தின பஸ் உண்டா? அடடே உண்டா? அதுல வந்தா எத்தனை மணிக்கு இறங்கலாம்? எனக்குக் கணக்கு வராது, நீயே சொல்லு." கடைசியில், "என் தப்புதான் சார்" என்று அந்தப் பெண்ணே சொல்லுவாள். அதை எழுதிய தாளில் அவளே கையெழுத்தும் போடுவாள். இரண்டு வருஷத்தில் தெரியாத சார் யார் மேலும் ஒரு குற்றமும் சொன்னதில்லை. ஐந்து பேர் வேலையை விட்டுப் போனார்கள்.

"போட்டு வாங்குறாருடி" என்பாள் துணி தேய்க்கும் பெரிய உருளையை ஓட்டுகிற அக்கா. "தெரியாதுன்னு ஒருத்தர் சொன்னா ஓடிப் போயிடணும்."

அதிலிருந்து சலவைக்கூடத்தில் யாரும் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்வதில்லை. புதிதாக வந்த டிரைவர் ஒருவர், "குடிக்கத் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டதற்கு, "ஏன், யாரு கேக்கச் சொன்னாங்க?" என்றாளாம் உருளை அக்கா.

மேற்பார்வையாளர் அறை சுவரின் நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி, இரண்டு பக்கமும் கதவு. ஊமச்சியின் மடிக்கிற மேஜை அந்தக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் இருந்தது. வாய் பேசாதவளுக்குக் காது நன்றாக வேலை செய்யும். இரண்டு வருஷம் விரிப்பை மடித்துக்கொண்டே அவள் அந்த வித்தையைப் படித்தாள். முடிவை நாம் சொல்லக் கூடாது, எதிராளிதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் "ஆமா" என்று சொல்ல வைக்கிற மாதிரி சின்னதாக இருக்க வேண்டும். அப்புறம் கண். சார் கேட்கும்போது ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பதில் அவருக்கு முன்னாலேயே தெரியும். அது எப்போது வாயில் வருகிறது என்று மட்டும்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டில் அவள் சித்தியிடம் பழகிப் பார்த்தாள்.

"சித்தி, உப்புன்னா என்ன? எனக்குத் தெரியாதே."

"குழம்புல போடுறது."

"போடுறதெல்லாம் உப்பா?"

"இல்லடி."

"அப்ப இன்னைக்கு நீங்க போட்டது என்ன?"

"அடியே! உப்பு போட மறந்துட்டேன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்று சித்தி இடது கையால் கரண்டியை ஓங்கினாள். "வெளியில வாயைத் திறக்கிறதில்லை, திறந்தா வக்கீலு. யாருக்கிட்ட காட்டப் போறே இந்த சாமர்த்தியத்தை?"

போன மாதம் தெரியாத சார் மாற்றலாகிப் போனார். ஸ்டோரில் இருந்து புது மேடம் வந்தார். வந்த அன்றைக்கு எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, "எனக்கு இந்த வேலை ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்" என்றார்.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவரோட அக்கா போல" என்றாள் உருளை அக்கா, உதடு அசையாமல்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. இருவரும் நடந்து, ஓடி வந்து சேர்ந்தபோது கதவருகே ஆட்கள் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். அழுக்குப் பக்கம் போக வழியில்லை. ஊமச்சி சித்தியைப் பார்த்தாள். சித்தி, போ, நான் பாத்துக்கறேன் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டுத் தன் கதவுக்குள் போனாள்.

பத்து மணிக்கு உருளைக்குள் ஏதோ கடகடவென்றது. உருளை அக்கா மெஷினை நிறுத்தித் தலையணை உறை ஒன்றை இழுத்தாள். உறையின் மூலையில் இருந்து ஒரு பல் செட் விழுந்தது. சூட்டில் வளைந்து போயிருந்தது.

"பாருங்கடி, சிரிச்சுக்கிட்டே வருது" என்றாள் அக்கா. மூன்று பேர் கூடிப் பார்த்தார்கள். மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் காலையில் இருந்து பிஸ்கட்டைப் பாலில் கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பதாக மதியத்துக்குள் செய்தி வந்தது. பெரியவரின் மகன் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஊமச்சியைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். சித்தி ஏற்கனவே அங்கே கதவோரம் நின்றிருந்தாள், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு. கோத்து நின்றால் தோள் தெரியாது.

"உக்காரும்மா" என்றார் மேடம். "மேல எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க. உன் சித்திகிட்ட கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. நீ அவங்க வீட்டுப் பொண்ணாமே. எனக்கு அந்தப் பக்கத்து வேலை தெரியாது. உதறுறதுன்னா என்ன செய்வாங்க? நாள் பூரா செஞ்சா கை வலிக்குமா?"

கை வலிக்குமா. ஊமச்சி இரண்டு பதிலையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆமா என்றால் அடுத்த கேள்வி யாருக்கு வலிக்குது என்று வரும். இல்லை என்றால் அப்புறம் ஏன் உதறலை என்று வரும். இரண்டு பக்கமும் கதவு உள்ள அறைதான், ஆனால் இரண்டும் சாத்தியிருந்தது. இந்தக் குரல் அவளுக்குத் தெரியும். சாக்பீஸை நீட்டிய குரல். இந்தத் தடவை ஏமாறுவதாக இல்லை.

"எனக்கும் தெரியாது மேடம்" என்றாள். "நான் சுத்தப் பக்கம். அங்க சுவத்துல என்னமோ எழுதியிருக்கே, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அது என்ன மேடம்?"

சித்தி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

மேடம் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துப் படித்தார். "ஒவ்வொரு துணியையும் தலைக்கு மேல் தூக்கி மூன்று முறை உதறவும்."

"தூக்க முடியாதவங்களை அங்க வேலைக்கு வைப்பாங்களா மேடம்?"

"வைக்கக் கூடாது."

"வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் வந்து பாக்கறாரே, அது எதுக்கு?"

"முடியுதா முடியலையான்னு பாக்கத்தான்."

"எங்க சித்தியைப் பாத்தாரா?"

மேடம் கோப்பைப் புரட்டினார். "பாத்திருக்காரே. தகுதின்னு போட்டிருக்கு."

"அப்ப எங்க சித்தியால முடியும்னுதானே ஆகுது?"

"ஆமா, அப்படித்தான் ஆகுது."

"பதினோரு வருஷமா உதறுன கை மேடம். ஒரு நாள் மட்டும் உதறாம இருக்குமா?"

"இருக்காதுதான்."

"உதறினா பல்லு உள்ளேயே இருக்குமா?"

"விழுந்திருக்கும்."

"அப்ப அந்தப் பல்லு அந்தப் பக்கத்துல இருந்து வரலை போல. எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியலை மேடம்."

இவ்வளவு பேச்சை அவள் வாழ்நாளில் யாரிடமும் பேசியதில்லை. சுத்தப் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே உருளை அக்கா ஒரு விரிப்பை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். ஒன்பதாம் வகுப்பே எழுந்து நின்று கைதட்டுவதுபோல் இருந்தது ஊமச்சிக்கு.

மேடத்துக்குக் கோபம் வரவில்லை. "அழகா சொன்னேம்மா. எனக்கு இப்பத்தான் விளங்குது" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். என் சித்தியால் கை தூக்க முடியும், அவர் எல்லாத் துணியையும் முறைப்படி உதறுபவர். அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கூட்டிப் படிப்பவளின் கையெழுத்தாக அது இல்லை. மேடம் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எழுதியதை ஒரு தடவை படித்துவிட்டு மேடம் பேனாவை வைத்தார். முகம் வாடியிருந்தது.

"ஆனா பாரும்மா. உறைக்குள்ள இருந்து பல்லு விழுந்ததை மூணு பேர் பாத்திருக்காங்க. காலைல அந்த மெஷினை ஏத்தினது உன் சித்தி மட்டும்தான். முடியாதவங்க உதறலைன்னா அது உடம்புக் கோளாறு. முடிஞ்சவங்க உதறலைன்னா அது அலட்சியம். அலட்சியத்துக்கு வேலையை விட்டு நிறுத்தச் சொல்லுது விதி." மேஜை இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தார். "நான் வேற மாதிரி முடிச்சுடலாம்னு இருந்தேன். கிழிஞ்ச துணி தைக்கிற ரூம்ல ஒரு இடம் காலியா இருக்கு. உக்காந்து செய்யற வேலை. கை தூக்க முடியாம கஷ்டப்படறவங்க யாராவது இருந்தா மாத்திக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. அதுக்குத்தான் கை வலிக்குமான்னு கேட்டேன்."

தாளை நீட்டிய மேடத்தின் கண் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் ஊமச்சி பார்த்தாள். கோத்திருந்த சித்தியின் கைகள் மேல் இருந்தது. முதலில் இருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. பதில் தெரிந்து கேட்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள் என்று இரண்டு வருஷம் படித்தவளுக்கு, தெரியாமல் கேட்கிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று படிக்கத் தோன்றவில்லை.

"மேடம்" என்றாள். குரல் பழையபடி உள்ளே போய்விட்டது. "அவங்களால முடியாது மேடம். ஆறு மாசமா முடியலை."

"அப்ப யாரு உதறினா?"

"நான்தான். காலைல முன்னாடியே வந்து."

மேடம் மெதுவாக நிமிர்ந்தார். "நீயா? அந்தப் பக்கம் போய் உதறிட்டு, அப்புறம் இங்க வந்து மடிச்சியா? தினமும்?"

ஊமச்சி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அப்படின்னா உன்னை இப்பவே வீட்டுக்கு அனுப்பணும்மா. நான் அனுப்பாம இருக்க முடியாது." மேடம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சித்தியைக் காப்பாத்த இப்ப பொய் சொல்றியா, இல்லை முதல்ல கையெழுத்துப் போட்டதுதான் பொய்யா? எனக்கு நிஜமாவே தெரியலை."

இப்படி ஒரு தெரியாமையை அந்த அறைக்குள் கொண்டுவந்தது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் உள்ளே வரும்போது மேடத்துக்கு ஒன்று தெரியாமல் இருந்தது, சொன்னால் தெரிந்திருக்கும். இப்போது எதைச் சொன்னாலும் தெரியாது.

மேடம் சித்தியின் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. உங்களால கை தூக்க முடியுமா, முடியாதா? நீங்க சொல்றதை எழுதிக்கறேன்."

முடியாது என்றால் சித்திக்குத் தையல் அறை, ஊமச்சிக்கு வீடு. முடியும் என்றால் ஊமச்சிக்கு மேஜை, சித்திக்கு வீடு. மூன்று பேருக்கும் அது புரிந்திருந்தது. சித்தி ஊமச்சியைப் பார்த்தாள். கரண்டியை ஓங்குகிற பார்வைதான். ஆனால் அதில் சிரிப்பு இல்லை. பிறகு கோத்த கையைப் பிரித்துக்கொண்டு, அறையின் அழுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து அந்தப் பக்கம் போனாள்.

அழுக்குப் பக்கத்துக் கண்ணாடி தடிமனானது, சத்தம் கேட்காது. காலையில் எப்படியோ ஒற்றைக் கையால் எடுத்துக் கட்டியிருந்த ஏப்ரன் முடிச்சைச் சித்தி இடது கையால் அவிழ்ப்பது தெரிந்தது. கழற்றி, அதை வலது கைக்கு மாற்றினாள். இடது கையும் சேர்ந்தது. கை மார்பு வரைக்கும் வந்தது. ஆறு மாதமாக அங்கேதான் நிற்கும். அன்றைக்கு நிற்கவில்லை. தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. ஊமச்சி தன் தோளைத் தானே பிடித்துக்கொண்டாள். சித்தி ஏப்ரனைத் தலைக்கு மேல் முழுக்கத் தூக்கி ஒரு முறை உதறினாள். இரண்டாவது முறை. கழுத்து நரம்பு கயிறுபோல் நின்றது. முகத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை உதறிவிட்டு, அதே வலது கையால் ஏப்ரனின் கழுத்து நாடாவை உயரத்துக் கொக்கியில் மாட்டினாள்.

மேடம் பேனாவை எடுத்து, முடியும் என்று எழுதினார்.

சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வெளிக்கதவை இடது தோளால் தள்ளித் திறந்து போனாள்.